ஜன்னலுக்கு அடுத்த சீட்

கச்சிராயபாளையம்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

கர்த்தருக்குள் பிரியமான தங்கை தனுஷாவுக்கு, உன் அக்கா எழில்மதி எழுதுவது. அவர் கிருபையால் அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முட்டிவலியும் சுகமாகவே இருக்கிறது. நீ சுகமா என்று நான் விசாரிக்கப்போவதில்லை. வெள்ளிமலைப் பக்கம் நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து நீ எவ்வளவு சுகம் என்பதை உன் கடிதமே சபைக்கு முன்னால் சொல்லிவிட்டது.

ஆமாம், போதகர் தீனதயாளன் ஐயா அதை ஆராதனையில் வாசித்தார். அம்மாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றதும் நீ ஜெபித்தது, மூடுபனி விலகியது, பால் பொங்கப்போகும் நேரம் உள்ளுக்குள் யாரோ "தனுஷா" என்று கூப்பிடுவது, நீ ஓடிப்போய் அடுப்பை அணைப்பது, எல்லாவற்றுக்கும் சபை ஸ்தோத்திரம் சொன்னது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நம் வீட்டுப் பாலை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்திப் புத்தகத்தில், சமையலறையில் கடவுளின் பிரசன்னத்தை உணர்வது எப்படி என்ற அத்தியாயத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தபோதுதான் அது பொங்கி வழிந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. பிறகு அம்மா கூப்பிட்டாள், ஆனால் அந்தக் கூப்பிடலைச் சபையில் வாசிக்க முடியாது.

பொறாமை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. உனக்கு அரசாங்க வேலை கிடைத்தது, இடுப்புவரை முடி கிடைத்தது, அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. ஆனால் கர்த்தர் விஷயத்தில் புத்தகம் புத்தகமாக அடிக்கோடிட்டுப் படித்தவள் நான். நீ பைபிளை விட்டால் மாத்திரை அட்டையைத்தான் படிப்பாய். அவர் உன்னிடம் வருகிறார். நான் கண்ணை மூடினால் வக்கீல் ஆபீசில் டைப் செய்த வாய்தா மனுதான் வருகிறது.

உன் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "என் பக்கத்தில் அவருக்கு எப்போதும் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன்." சரி, இதுதான் சூட்சுமம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த சீட்டில் கைப்பையை வைத்தேன். கண்டக்டர் சின்னதுரை அண்ணன் வந்து, "இன்னாம்மா, ஆருக்கு எடம் போட்டுக்கினு கீற?" என்றார். "ஒருத்தர் வராருண்ணே" என்றேன். "பொம்பளையா ஆம்பளையா? பொம்பளன்னா ஃப்ரீ. ஆம்பளன்னா டிக்கெட்டு போடணும்." யோசித்து, ஆம்பளைதான் என்றேன். "எங்க ஏறுவாரு?" "தெரியலண்ணே." "எறங்கறது?" "நான் எறங்கற எடத்துலதான்." அவர் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார், பிறகு பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. மறுநாள் நான் கைப்பையை வைக்கும் முன்பே பின்சீட்டிலிருந்து ஒரு பெண், "அங்க உக்காராதீங்க, அந்தப் பொண்ணோட ஆளு வரும்" என்று எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்தாள். கரும்பு வெட்டப் போகிற பெரியம்மாள் தூக்குச்சட்டியோடு ஏறி, "கொஞ்சம் நவுருறியா கண்ணு, காலு ஒளையுது" என்றாள். நான் என்ன செய்ய? இடம் என்னுடையதா? இறங்கும் இடம்வரை அவள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தாள். காலி சீட்டு குலுங்கிக்கொண்டே வந்தது. அவர் வந்திருந்தாலும் எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமைக்குள் செய்தி பக்கத்து வீட்டு ஆயம்மாள் வழியாக அம்மாவுக்குப் போய்விட்டது. "ஏண்டி, பஸ்ல எவனுக்கோ சீட்டு போட்டுக்கினு போறியாமே. ஆரு அவன்?" என்றாள். "கர்த்தர்ம்மா" என்றேன். "பொய் சொல்றதுக்கு வேற பேரே கெடைக்கலியா ஒனக்கு? வூட்ல அவரு பேர்ல ஜெபம், பஸ்ல அவரு பேர்ல எவனோ." உன் கடிதத்தை நம்பினாளே, என்னை நம்பினாளா பார்.

வியாழக்கிழமை அம்மாவே பஸ் ஏறினாள். கைப்பையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு அவருடைய சீட்டில் உட்கார்ந்தாள். "அம்மா, அது அவங்க ஆளு எடம்" என்று பின்சீட்டுப் பெண் எழுந்தே விட்டாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வரட்டும். நானும் அவரப் பாக்கத்தான் வந்துகீறேன்." சின்னதுரை அண்ணன் விசிலை மெதுவாக ஊதினார். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மா கழுத்தை நீட்டினாள். மீசைக்காரர் ஒருவர் ஏறினார், "இவனா?" உர மூட்டையோடு ஒருவர், "இவனா?" குடையோடு ஒரு கிழவர் ஏறினார், கொஞ்சம் தயங்கி, "இவரா?" என்றாள். ஒரு முகத்தைக்கூட விடவில்லை, தனுஷா. ஏறுகிற ஒவ்வொரு ஆளும் அவராக இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அத்தனை நாளும் ரெக்சின் கிழிந்த ஒரு சீட்டைத்தான் பார்த்திருந்தேன். அப்போது அம்மாவின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. இனி வீட்டில் பொறாமைப்பட மீதி யாரும் இல்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அவரை நீயே வைத்துக்கொள். உனக்குத்தான் சரியாக வருகிறது. நான் இனி அந்த சீட்டில் யாருக்கும் இடம் போடுவதாக இல்லை, பஸ்ஸில் பழையபடி புத்தகம் படிப்பேன். நீ குளிருக்குக் காதை மூடிக்கொள். ராத்திரி டூட்டியில் வயிற்றைக் காயப்போடாதே. அவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். காப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், என் மனக்குறையே அதுதான். அம்மா உன்னை முத்தமிடச் சொன்னாள். இருவர் முத்தமாகவும் வைத்துக்கொள்.

உன் அக்கா,
எழில்மதி.

பி.கு.: தபால்பெட்டியில் போட மறந்து கைப்பையிலேயே கிடந்ததால் இதைச் சேர்க்கிறேன். இன்று திங்கள். காலையில் பெரியம்மாள் ஏறினாள். நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்த மாத்திரத்தில் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிவிட்டாள், தலையில் முந்தின வேலையின் காய்ந்த கரும்புச் சோகை. அசைந்தால் விழித்துவிடுவாளோ என்று புத்தகத்தின் பக்கத்தைக்கூட நான் திருப்பவில்லை. சின்னதுரை அண்ணன் வந்து, "இன்னாம்மா, இன்னிக்கும் ஆளு வரலியா?" என்றார். "வந்துட்டாருண்ணே" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு கள்ளக்குறிச்சிவரை தோளை அசைக்கவில்லை. மேலே "நீயே வைத்துக்கொள்" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அடித்துவிடு. இந்தக் கடிதத்தைப் போதகருக்கு அனுப்பாதே, அம்மாவிடம் சொல்லாதே, ஜெபத்தில்கூடக் குறிப்பிடாதே. உனக்கு மூடுபனி இருக்கிறது, பால் இருக்கிறது. இது எனக்கு.