படையலில் வைத்த அணில்

தங்கா பத்து,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய அக்கா பெரியநாயகி அவர்களுக்கு, தம்பி பாலகிருஷ்ணன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராகினியும் நலம். உம்பாயில் நீங்களும் அத்தானும் முழங்கால் வலியில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். நம் தம்பி புவனேஸ்வரனும் இங்கே நலமாகத்தான் இருக்கிறான். அவன் செத்து ஒரு வருடம் ஆகிவிட்டதே என்று நீங்கள் பதறுவது தெரிகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அவன் காதில் விழும்.

எல்லாம் நீங்கள் சொன்ன யோசனை. தீபாவளிக்கு முதல் நாள் படையலுக்கு, "அவன் பீரும் தொட்டதில்ல, சிகரெட்டும் தொட்டதில்ல. அவனுக்குப் புடிச்ச அந்த அணில் கேமையாச்சும் வைடா," என்றீர்கள். எஸ்டேட் வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் ஆடுவானே, தொப்பி போட்ட அணில் தாவித் தாவி ஓடுமே, அதேதான். அந்தக் கம்பெனிக்காரன் இத்தனை வருடம் தூங்கிவிட்டு, இவன் போன பிறகு அதே ஆட்டத்தைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் குறைந்தா போயிருப்பான்? வயிறு எரிகிறது அக்கா.

அதை வாங்கி, அவன் அறை டிவியில் மாட்டி, இலை போட்டு, கோழிக் கறியும் நெய் உருண்டையும் வைத்து, அவனுடைய பிரம்பு நாற்காலியில் கன்ட்ரோலரையும் வைத்தேன். வழக்கப்படி அவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே 'டொய்ங்' என்று சத்தம். அணில் குதிக்கிற சத்தம். ராகினி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கதவைத் திறந்தால் ஆள் இல்லை. கோழி அப்படியே இருக்கிறது, ஆட்டத்தில் முதல் கட்டம் முடிந்திருக்கிறது.

மெஷினில் ஏதோ கோளாறு என்று நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். படம் பளபளவென்று கண்ணைப் பறிக்கிறது, பாட்டு அதே பழைய பாட்டு, கேட்டால் எனக்கே கால் ஆடுகிறது. ஆனால் அமுக்கினால் அணில் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறது, அதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது, மரத்துக்குப் பின்னால் போனாலோ அணிலே தெரிவதில்லை. முதல் பள்ளத்திலேயே நான் செத்துச் செத்து விழ, பக்கத்தில் யாரோ 'ப்ச்' என்று சலித்துக்கொண்டார்கள். ராகினி அப்போது அடுப்படியில் இருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவி தானாகத் திறந்துகொள்கிறது. பள்ளம் வந்தால், தாண்டுவதற்கு முன் அணில் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்துப் பார்க்கிறது. யாருடைய பழக்கம் அது? எஸ்டேட் வீட்டில் அவன் அப்படித்தானே ஆடுவான்? அணில் வலப்பக்கம் தாவினால் காலி நாற்காலியும் வலப்பக்கம் சாய்கிறது. சின்ன வயதில் அவனால் ஒருநாளும் தாண்ட முடியாத உடைந்த பாலத்தையும் நேற்று தாண்டிவிட்டான். ராகினிக்கோ பயம் விட்டுப்போய்விட்டது. மைலோ கலக்கி வைத்துவிட்டு, "கொழுந்தனாரே, இப்படியே உக்காந்திருந்தா கண்ணு கெட்டுப் போயிரும் லா," என்று நாற்காலியைத் திட்டுகிறாள். "செத்தவனுக்கு என்னடி கண்ணு?" என்று கேட்டால் என்னை முறைக்கிறாள்.

என்னால் முடியவில்லை அக்கா. குளிக்கப் போனால்கூட அந்தப் பாட்டு சுவருக்குள்ளிருந்து கேட்கிறது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மஸ்ஜித் தானா ஊரில் உங்களுக்குத் தெரிந்த பூசாரியை அழைத்துக்கொண்டு அவசியம் வாருங்கள். அவனை நல்லபடியாக வழியனுப்பிவிட்டு, அந்த அணிலையும் நீங்களே கொண்டுபோய்விடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நம் எல்லாரையும் முருகன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
பயத்தில் இளைத்துப்போன தம்பி,
பாலகிருஷ்ணன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ராகினி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. "அதையும் முடிச்சிட்டா கொழுந்தனாரு அப்புறம் எதுக்குங்க இங்க வரப்போறாரு?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவன் ஆடியது முழுவதையும் அழித்துவிட்டேன் அக்கா. முதலிலிருந்து ஆடட்டும். பூசாரி வேண்டாம். கோபப்பட்டால் படட்டும், வீட்டிலேயே இருந்து கோபப்படட்டும்.