டெஸ் பார்த்து வந்த முட்டைகள்

வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களில் பல ரகம் உண்டு. அருவி பார்த்தவர்கள், அரண்மனை பார்த்தவர்கள், வயிறு கெட்டு அறைச் சுவரை மட்டும் பார்த்தவர்கள். இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். முட்டை பார்த்துவிட்டு வருகிறவரை என்ன செய்வது?

எங்கள் ஊர் டெஸ் அந்த ரகம். போன வருஷம் இங்கிலாந்து போனார். "அங்க முட்டையைக் கழுவுறதே இல்ல, தெரியுமா? கடையில ரொட்டிக்குப் பக்கத்துல சும்மா அடுக்கி வெச்சிருக்கான்!" என்று வந்திறங்கியவர், வீட்டு முட்டைகளையெல்லாம் ஃப்ரிட்ஜிலிருந்து விடுதலை செய்தார். இந்த வருஷம் அமெரிக்கா. திரும்பியதும் அத்தனையும் மறுபடி உள்ளே. என் வீட்டு வாசலில், எங்கள் நாட்டு டாலரைப் போட்டுவிட்டு எடுத்துப்போக ஒரு காசு டப்பாவோடு நான் வைத்திருக்கும் முட்டைப் பெட்டியையும் அவர் விடவில்லை. ஒன்றை எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒட்டியிருந்த இறகை இரண்டு விரலால் கிள்ளி எறிந்துவிட்டு, "டஜன் ஏழு டாலரா? அதுவும் கழுவாம? அமெரிக்காவுல உன்னை உள்ள தூக்கிப் போட்டுருவான்" என்றார். வாங்கினாரா? அது எப்படி வாங்குவார்!

அவர் மனைவி மொரீன், ஊர் விவசாயக் கண்காட்சியில் நான்கு வருஷமாக ஸ்பஞ்ச் கேக்குக்கு முதல் பரிசு வாங்குகிறவர். ஐந்தாவதும் கிடைத்தால் வெள்ளிக் கோப்பை அவருக்கே சொந்தம். அதற்காக ஒரு டஜன் வாத்து முட்டையை ஒரு வாரமாகச் சமையல் மேடையில் வைத்து, தொடக் கூடாது என்று பூனையிடமும் டெஸ்ஸிடமும் சொல்லியிருந்தார். பூனை கேட்டது.

கண்காட்சியன்று காலை மொரீன் முதல் முட்டையை உடைத்தார். உள்ளே இருந்தது வழியவில்லை. கட்டியாக விழுந்தது.

"டெஸ்! என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

"கழுவினேன். அமெரிக்காவுல சுடுதண்ணியிலதான் கழுவுறாங்க."

"எவ்வளவு சூடு?"

"அதைக் கேக்க மறந்துட்டேன். கெட்டில் கொதிச்சதும் ஊத்தி, கொஞ்சம் ஊறட்டும்னு விட்டேன்."

மொரீன் என் வாசலுக்கு ஓடிவந்து கோழி முட்டைகளை இறகோடு அள்ளிக்கொண்டு போனார். கேக்குக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. கோப்பை போச்சு. எனக்கே அழுகை வந்தது. டெஸ் மட்டும் அசரவில்லை.

"நடுவருக்கு விஷயம் தெரியல, மொரீன். ஜப்பான்ல என்ன பண்றான்னா..."

மொரீன் அந்த வெந்துபோன வாத்து முட்டைகளில் ஒன்றை முழுசாக அவர் வாயில் திணித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சுடுதண்ணீர் என்று படித்தபோதே, "எங்க பக்கத்துல அப்படி இல்லையே" என்று உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். மூடிக்கொள்ளுங்கள். மொரீனிடம் இன்னும் பத்து இருக்கிறது.