சிங்கமே வருக, மன்னிப்புக் கேட்க வருக

மறைமலைநகர் மச்சான் வெங்கடேசன் அவர்களுக்கு, கேளம்பாக்கம் தீனதயாளன் கைகூப்பி எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம், மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை.

நியூஸில் காட்டிய பேனரில் பல்லைக் காட்டி நிற்பது நானேதான். பக்கத்தில் கூலிங்கிளாஸோடு நீங்கள். கேட்காமல் போட்டது தப்பு. இடம் காலியா கீதேன்னு போட்டேன். என் பெண் சிநேகாவே என்னைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டதால் தபாலில் எழுதுகிறேன்.

நம்ம சிநேகா விளையாட்டுக்காரர்களின் பேரைக் காப்பாற்றும் கம்பெனியில் இருக்கிறாள் அல்லவா, அவள் பொறுப்பில் இருக்கும் வாலிபால்காரன் கிருபாகரன், மாமல்லபுரம் மேட்ச்சில் பாயின்ட் கொடுக்காத அம்பயர் துரை சாரை உயர நாற்காலியோடு தள்ளிவிட்டான், சாருக்குக் கை முறிந்தது, ஊரே வீடியோ பார்த்தது. 'வீடியோவே போலின்னு எழுது' என்றார் முதலாளி. இவள், 'தள்ளினது நிஜம் சார். வூட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கட்டும், கேமரா வேணாம். சரிவரலன்னா என்னை வேலையை வுட்டுத் தூக்கிடுங்க' என்றுவிட்டாள். பெண்ணுக்கு வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் யாரிடமும் சொல்லாமல் சதுரங்கப்பட்டினத்தில் சார் வீட்டு வாசலில் பந்தல், மைக்செட், 'மன்னிப்புக் கேட்க வரும் சிங்கமே வருக' என்று பேனர் எல்லாம் போட்டுவிட்டேன். சிநேகா அவனோடு வந்து இறங்கி, 'நைனா, இன்னா இது?' என்றாள். 'மரியாதைம்மா.' மைக் கைக்கு வந்தால் எனக்கு வாய் தனியாக ஓடும். 'அடுத்து, துரை சார் நமது வீரருக்குப் பொன்னாடை போர்த்துவார்' என்று அறிவித்தே விட்டேன். மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் போர்த்தினார் பாவம். கூட்டம் கை தட்டியது. அதுவும் வீடியோ.

முதலாளி 'ரசிகர்கள் வேலைன்னு எழுதிடு' என்றாராம். இவள் 'ஏற்பாடு செய்தவர் என் அப்பா. தவறு எங்களுடையது' என்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள்.

'பெத்தவனையே மாட்டி வுடுவியாடி?'

'தள்ளினவனையே மறைக்கல. பொன்னாடை போத்த வச்சவரை மறைப்பனா?'

உங்கள் தங்கச்சி சிரிச்சிகினே தோசையைக் கருக்கினாள்.

மறுநாள் கிருபாகரன் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டான். துரை சாரே முதலாளிக்குப் போன் போட்டு, 'அந்தப் பொண்ணை வச்சுக்குங்க, அவங்கப்பாவை மட்டும் எங்க தெருவுல வுடாதீங்க' என்றாராம். வேலை தப்பியது. அதையும் மீறி நானும் போய் மன்னிப்புக் கேட்டு வந்துவிட்டேன். எல்லாம் சுபம்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும்.

இப்படிக்கு,
தீனதயாளன்

பி.கு: மன்னிப்புக் கேட்டதாக மேலே எழுதியது பொய். சிநேகாவிடம் சொல்லாதீர்கள், பத்திரிகைக்கு அனுப்பிவிடுவாள். ஆப்பிளோடு போனேன், டீ கொடுத்தார், மழையைப் பேசினேன், மீன் விலையைப் பேசினேன், அவர் மாவுக்கட்டைப் பார்க்காமலே எழுந்து வந்தேன். 'மன்னிச்சிடுங்க சார்' இன்னும் தொண்டையிலேயே நின்னுகினு கீது மச்சான். கையில் மைக் இல்லை பாருங்கள்.