ஏழு தடவை ஓட்டிய ரத்தம்

ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவர்கள் ஒரு ரகம். ரத்தம் சொன்னால் ஒழிய எதையும் நம்பாதவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்துக்குப் போங்கள். முப்பது வருட சர்வீஸ், பதினான்கு ஆராய்ச்சிக் கட்டுரை, மூக்கு நுனியில் கண்ணாடி; அவர்தான் உயிர்வேதியியல் நிபுணர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு ரிசல்ட்டும் வெளியே போகாது.

"நான் இனிப்பையே தொடறதில்ல சார், எனக்கு எப்படி சர்க்கரை?" என்று யாராவது அழாத குறையாகக் கேட்டால் போதும், மனிதருக்குக் குஷி பிறந்துவிடும்.

"மெஷினுக்கும் உங்களுக்கும் சொத்துத் தகராறா? எண் பொய் சொல்லாதுய்யா!"

அப்பேர்ப்பட்டவருக்குக் கால் கட்டைவிரலில் ஒரு புண். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை அளவு தெரியாமல் கை வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட, நம்மவர் வேறு வழியில்லாமல் தன் கையையே நீட்டினார். சீனியர் டெக்னீஷியன் அம்மாள் ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். மூன்று மாதச் சராசரி ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய். வந்ததோ ஒன்பது புள்ளி நாலு.

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா."

அளவு முன்பே தெரிந்த மாதிரியை ஓட்டினார்கள். சரியாக வந்தது. ரசாயனப் புட்டியை மாற்றினார்கள். ஒன்பது புள்ளி நாலு. கடைசியில் அந்த அம்மாளின் ரத்தத்தையே எடுத்து ஓட்டினார்கள். அவருக்கு ஐந்து புள்ளி இரண்டு. "உங்களுக்குக் கம்மியா இருக்கே, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று அவருக்கு அறிவுரை கிடைத்தது. இப்படியே நம்மவர் ரத்தம் மட்டும் ஏழு தடவை ஓடியது. ஏழிலும் அதே எண்.

நியாயமாக ஒரு மனிதன் அப்போது கவலைப்பட வேண்டுமா இல்லையா? இவர் துள்ளிக் குதித்தார்.

"ஏழு தடவையும் இம்மி பிசகலை பார்த்தீங்களா! நான் செட் பண்ணின மெஷின்! இன்னும் மூணு தடவை ஓட்டினா கட்டுரையே எழுதலாம்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் சரியில்ல" என்றார் அந்த அம்மாள்.

அதற்குள், டாக்டர் அறை வாசலில் காத்திருந்து சலித்துப்போன நம்மவரின் மனைவி நேரே உள்ளே வந்துவிட்டார்.

"ஏங்க, சீழ் பக்கத்து விரலுக்கும் போயிடுச்சாம். இன்னும் தள்ளிப் போட்டா விரலையே எடுக்கணுங்கறார் டாக்டர். ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன கேடு?"

பாவம், அவருக்கு எண் முக்கியமில்லை, விரல்தான் முக்கியம். பேனாவை எடுத்துக் கணவர் கையில் திணித்தார். நம்மவரும் போட்டார், கம்பீரமான கையெழுத்து. அதற்கு மேலே அழகாக ஒரு வரியும் எழுதினார்: 'மாதிரி திருப்திகரமாக இல்லை. புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பவும்.'

என்ன சிரிப்பு? போன வாரம் எடை மெஷினில் ஏறி, எண் பிடிக்காமல் இறங்கி, செருப்பை, கடிகாரத்தை, சாவிக்கொத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினீர்களே, வீட்டில் எந்த எண்ணைச் சொன்னீர்கள்?