வெளியாளுக்குக் கேக் கிடையாது

"எட்டுத் துண்டு எதுக்கு? உங்க பிரிவுல நிரந்தர ஊழியர் ஏழு பேர்தானே?"

சட்டப் பிரிவு கெசெல் அம்மையார் கேட்டதும், கத்தியும் கையுமாக நின்ற டீட்ஸ் வெட்டுவதை நிறுத்தினார். பிறந்தநாள்காரர் தானே கேக் செய்து கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஜெர்மன் ஊர் நியாயம். டீட்ஸும் விடியற்காலையில் எழுந்து பிளம்ஸ் கேக் சுட்டிருந்தார்.

"எட்டாவது ஹைகேவுக்கு, மேடம்."

"அவங்க ஆலோசகர். வெளியாள். கேக் கொடுத்தா நம்ம ஆள்னு ஆயிடும். ஓய்வூதியக் காப்பீட்டு ஆபீஸ்லேர்ந்து சோதனைக்கு வந்தா, சந்தா கட்டாம இருக்க ஊழியரை ஆலோசகர்னு பேர் வச்சு ஒளிச்சிருக்கீங்கன்னு அபராதம் போட்டுருவாங்க."

"ஒரு துண்டுக்கா?"

"எல்லாம் கேக்குலதான் ஆரம்பிக்கும்."

எதிர் மேசையிலிருந்து ஹைகே சிரித்தாள். "விடுங்க டீட்ஸ், எனக்குச் சர்க்கரை வியாதின்னு வச்சுக்குங்க."

டீட்ஸுக்கு மனசு கேட்கவில்லை. மனைவி போனபிறகு அவர் வாய்விட்டுப் பேசுவதே ஹைகேவோடு சாப்பிடும் மதிய வேளையில்தான். வீட்டில் அவருக்குப் பதில் சொல்ல ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் உண்டு, அதுவும் உறுமும்.

"அப்ப விலைக்குக் கொடுக்கறேன்!" என்று ஹைகேவிடம் ஒரு யூரோ வாங்கிக்கொண்டார்.

"வெளியாளோட வியாபாரம் வேறயா?" என்றார் கெசெல். மறுநாள் கேண்டீனில் சுவரோரமாக ஒரு மேசையைத் தள்ளிப்போட்டு, 'வெளியாட்கள்' என்று பலகை வைத்துவிட்டார்கள்.

சரி, வெளியே சாப்பிடலாம் என்று சைக்கிள் கொட்டகைப் பக்கத்து பெஞ்சுக்குப் போனார்கள். நவம்பர் தூறல். சேர்ந்து சாப்பிடுவது போலத் தெரியக் கூடாதே என்று, ஆளுக்கொரு குடையைப் பிடித்து முதுகோடு முதுகாக உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தார்கள். கெசெலின் ஜன்னல் நேர் மேலே இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அதைப் பார்த்த கெசெல் போட்ட உத்தரவோடு பேச்சும் போயிற்று. வெளியாளிடம் எது கேட்பதானாலும் எழுத்தில், அவள் நிறுவனம் வழியாகத்தான் கேட்க வேண்டுமாம். எதிரில் இருப்பவளிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்ல டீட்ஸ் ஹாம்பர்கில் இருந்த அந்த நிறுவனத்துக்கு எழுதினார். அனுமதி வருவதற்குள் அவருக்குச் சளி பிடித்துவிட்டது.

பொறுத்தது போதும் என்று நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினார். 'ஹைகே வெளியாளே இல்லை. பல வருடமாக எங்களோடு வந்து, எங்களோடு போய், நாங்கள் சொல்லும் வேலையைச் செய்கிறார். அவரை நிரந்தரமாக்குங்கள்' என்று நெஞ்சைப் பிழிந்து எழுதி, கையெழுத்தும் போட்டார்.

மனு கைக்கு வந்ததும் கெசெல் ஓடிவந்தார். "அட கடவுளே! சோதனைக்காரங்க தேடற சாட்சியத்த நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களேய்யா!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மாலைக்குள் ஹைகேவின் ஒப்பந்தத்தை ரத்து செய்து, நுழைவு அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள்.

"உங்க நல்லதுக்குத்தான்..." என்று வாசலில் டீட்ஸ் தடுமாறினார்.

"தெரியும். மழையில நிக்காதீங்க, உள்ள போங்க." பெட்டியை அணைத்துக்கொண்டு அவள் டிராம் நிறுத்தத்துக்கு நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றார். அவள் பார்க்கவில்லை.

மறுநாள் டீட்ஸ் பருப்பு சூப்பைக் கிளறிக்கொண்டே தனியாக உட்கார்ந்திருந்தார். கேண்டீன் ஊர்சுலா மேசையைத் துடைக்க வந்தாள்.

"எங்க சார், உங்க கூட்டாளி?"

"துரத்திட்டாங்கம்மா. கடைசிவரைக்கும் வெளியாளாவே வச்சிருந்துட்டானுங்க பாவிங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு நிரந்தர வேலை கொடுக்க இந்தக் கம்பெனிக்கு மனசு வரலியே!"

ஊர்சுலா துடைப்பதை நிறுத்தினாள்.

"கொடுத்தாங்களே சார், மூணு தடவை! பக்கத்து ஊர் கிளையில. 'நான் போயிட்டா டீட்ஸ் யாரோட சாப்பிடுவாரு'ன்னு அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க."