உப்பளத்தில் பூவிழி ஆடினாள்

பிரம்மாவுக்கு அடுத்தபடி மனிதர்களைப் படைக்கிறவர்கள் தாங்கள்தாம் என்று நம்புகிற ஓர் இனம் உண்டு. கதை எழுதுகிறவர்கள். நீங்கள் பார்த்ததில்லையா? உங்கள் ஊர்த் தபால்காரரைக் கேளுங்கள், வீடு காட்டுவார்.

மரக்காணத்துக்கு வாய்த்தவர் தேவநாதன். பகலில் சர்க்கார் ஆபீஸ் கிளார்க். மற்ற நேரமெல்லாம் படைப்பாளி. அவர் கதைகளில் ஏழை என்றால் இருமுவான், பணக்காரன் என்றால் சுருட்டுப் பிடிப்பான், தாய் என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சோறு போடுவாள். இத்தனை பேரில் ஒருவருக்காவது பல்வலி வந்ததுண்டா? கடைக்குப் போய்க் கடுகு வாங்க மறந்ததுண்டா? மூச்! அவர்களுக்கு அழவே நேரம் போதாது.

பத்து வருஷமாக ஒன்றுகூட அச்சேறவில்லை. போன மாதம் அனுப்பிய உப்பளக் கதைக்கு மட்டும் சென்னைப் பத்திரிகை ஆசிரியர் தம் கைப்படவே எழுதியிருந்தார்: "கதாநாயகியை நம்ப முடியவில்லை. அவளை உயிருள்ள மனுஷியாக்கி மாதக் கடைசிக்குள் அனுப்பினால் போடுகிறோம்." தேவநாதன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். அச்சில் பெயர்! அன்றைக்கே மாமனாருக்குக் கடிதம் போட்டு, ஆபீஸில் ஜாங்கிரியும் கொடுத்தாயிற்று. இனி பின்வாங்க முடியுமா?

மறுநாள் குடையும் நோட்டுமாக உப்பளத்துக்குப் போனார். வரப்பில் கைக்குட்டையை விரித்து, அதை இரண்டு தட்டுத் தட்டி, வேட்டியைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்து, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆராயியைக் கூப்பிட்டுக் கதையைப் படித்துக் காட்டினார். முடிவில் மழை கொட்டுகிறது. கதாநாயகி பூவிழி பாத்தி நடுவே ஆனந்தக் கூத்தாடுகிறாள்.

"ஏன் சார் ஆடுது அந்தப் பொண்ணு?"

"மழை வந்துடுச்சேம்மா! சந்தோஷம்!"

"மழை பெய்ஞ்சா உப்பெல்லாம் கரைஞ்சு போயிடும் சார். பத்து நாளு வேலை இருக்காது. அவளுக்கு என்ன, பைத்தியமா?"

"அதெல்லாம் ஒரு குறியீடும்மா."

"எதுவா இருந்தாலும் கரைஞ்சுடும் சார்."

தேவநாதன் பொறுமையாகத் தொண்டையைக் கனைத்தார். "சரி, உன் மனசுல இருக்கிற சோகத்தைச் சொல்லும்மா."

ஆராயி நிஜமாகவே யோசித்தாள். "ரேடியோவுல பேட்டரி தீர்ந்துபோச்சு சார்."

அவர் பேனாவை மூடிவிட்டார். பாவம், இவளுக்குத் தன் வாழ்க்கையே புரியவில்லை என்று வருத்தப்பட்டபடி நடையைக் கட்டினார்.

நாலு பாத்தி தாண்டியிருப்பார், பின்னால் ஒரே சிரிப்பு. திரும்பிப் பார்த்தார். ஆராயி உப்பு வாருகிற பலகையைக் குடையாகப் பிடித்து, தலைத்துணியை வரப்பில் விரித்து, இரண்டு தட்டுத் தட்டி, இல்லாத வேட்டியைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்தாள். சுற்றியிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து வருஷமாக இவருக்கு வராத வித்தை, அவளுக்கு ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது! அங்கே உட்கார்ந்திருந்தது உயிருள்ள ஆள்.

தேவநாதனும் நின்று ரசித்தார். 'யாரோ ஒரு ஆபீசரைக் கேலி பண்ணுகிறார்கள் போலிருக்கிறது' என்று வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டுக்குப் போய்க் கதையில் மழையோடு இடியையும் சேர்த்து அனுப்பினார். அவரே ஸ்டாம்பு ஒட்டி வைத்த கவரில் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி ஒருத்தரைத் தெரியும், இல்லையா? யாரென்று நினைத்துச் சிரிப்புக்கூட வருகிறதோ? வரப்பில் நின்ற தேவநாதனுக்கும் அப்படித்தான் வந்தது.