டெலஸ்கோப் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டது பற்றி

திருவண்ணாமலை,
10-10-1962

மகா மதிப்புக்குரிய மச்சான் கைலாசம் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற சயின்ஸ் வாத்தியாரும் தங்கள் தங்கை புருஷனுமாகிய சாம்பமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு அண்ணாமலையார் கிருபையால், என் இடது முழங்காலைத் தவிர, அனைவரும் சௌக்கியம். அங்கு தங்கள் அஜீரணம் எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

நிற்க. சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரரிடம் தாங்கள் வாங்கி, மெட்ராஸ் வீட்டில் மொட்டை மாடி இல்லாததால் என்னிடம் விட்டுப்போன டெலஸ்கோப் பற்றியே இக்கடிதம். "உள்ளே இருக்கிற கண்ணாடியில உங்க கை படாம ஒரு வருஷம் வெச்சிருங்க, அப்புறம் அது உங்களுக்கே"ன்னு நீங்க சொன்ன கெடு வர்ற ஞாயித்துக்கிழமையோட முடியுது. அன்னிக்குத்தான் நீங்களும் சோதிச்சுப் பார்க்க வர்றீங்க. எனக்கு அது வேணும் மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்றேன்.

அப்படியிருக்க, நவராத்திரியில கொலு பார்க்க வர்றவங்களுக்கெல்லாம் சுண்டலோட சனி கிரகத்து வளையத்தையும் காட்டப்போறதா தெரு பூரா சொல்லி வெச்சேன். எதிர்வீட்டுக் காசியம்மாள், "சனி நம்மளப் பார்க்கிறது பத்தாதுன்னு நாமளே போய் வேற அதைப் பார்க்கணுமா?"ன்னு சுண்டலை மட்டும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. துணிஞ்சு பார்த்தவங்க கண்ணுக்கு வளையமும் இல்ல, கிரகமும் இல்ல, மோர்ல விழுந்த பொட்டுக்கடலை மாதிரி ஏதோ ஒண்ணு. தபாலாபீஸ் ராமதாஸ் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சார், கண் ஆஸ்பத்திரிக்கு எப்ப போறீங்க?"ன்னு கேட்டுட்டான். மானம் கப்பலேறிடுச்சு.

மறுநாள் பின்மூடியைக் கழட்டிப் பார்த்தா, கண்ணாடி பூரா வெள்ளையா, மாவு மாதிரி தூசி. மலைப்பாறை வெயில்ல பொரிஞ்சு பறக்கிற தூள்னு சயின்ஸ்படி முடிவு கட்டினேன். இப்போ துடைக்கிறதா, விடுறதா? துடைச்சா என் கை பட்டுடும், டெலஸ்கோப் குழாய் போச்சு. விட்டா, ஒழுங்கா பார்த்துக்கலைன்னு நீங்களே தூக்கிட்டுப் போயிடுவீங்க. ரெண்டு நாளா எனக்கு சோறு இறங்கலை. பக்கத்து வீட்டு மௌலி குருக்கள், "புளி போட்டுத் தேய்ச்சு, பூந்திக்கொட்டைத் தண்ணியில அலசிடலாம் சார்"னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தே நின்னுட்டார். நல்லவேளை, சாமி படத்துக்கெல்லாம் பிரேம் போடற மக்பூல் பாய் ஓடிவந்து தடுத்தார். "வாத்தியாரே, நம்ம வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்னாடி இருக்கும். இதுக்கு முன்னாடியே இருக்கு. தேய்ச்சா பூச்சே கையோட வந்துடும். தூசி கம்மியா இருந்தா சும்மா விடுங்க"ன்னார். கம்மியா ஜாஸ்தியான்னு கூடத்துல அரைமணி நேரம் சண்டை. எல்லாரையும்விட ஜாஸ்தி கத்தினது உங்க தங்கச்சி அபீதகுஜாம்பாள்தான். "யாரும் தொடாதீங்க! கிட்டக்கூடப் போகாதீங்க!"ன்னு கையை விரிச்சுக்கிட்டு முன்னாடி நின்னுட்டா. அண்ணன் வார்த்தைக்கு இப்படி ஒரு மரியாதையான்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

ஆகையால் கண்ணாடியைத் துடைப்பதில்லை என்று சகலரும் கூடி முடிவெடுத்து, மூடியைத் திருகிவிட்டோம் என்பதையும், தாங்கள் விட்டுப்போன நாள் முதல் அதன்மேல் மனிதக் கை எதுவும் படவில்லை என்பதையும் சத்தியமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கு பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம். குழந்தைகளுக்கு தீபாவளி வரை தாங்கும்படி ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கை படாத,
சாம்பமூர்த்தி

பி.கு.: நேத்து உறையை ஒட்டறதுக்கு முன்னாடி உங்க தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். "மலைத்தூளா? அது விபூதிங்க!"ன்னு உட்கார்ந்து சிரிக்கிறா. நவராத்திரிக்கு வெள்ளிச் சாமானெல்லாம் விபூதி போட்டுத் தேய்ச்சாளாம். நான் கடைக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து, அண்ணன் குடுத்த சாமான் மங்கலா இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு பின்மூடியைக் கழட்டி உள்கண்ணாடியையும் சேர்த்துத் தேய்ச்சுட்டாளாம். சரியா உதறலை, அவ்வளவுதான். மக்பூல் பாயைக் கூப்பிட்டு, காதுக்கு மருந்து விடற ரப்பர் பல்பால ஊதி எடுத்தோம். அங்கங்கே கீறல் இருக்கு, பூச்சும் கொஞ்சம் போயிடுச்சு. ஆனா நேத்து சாயங்காலம் வளையம் தெரிஞ்சுது மச்சான்! ராமதாஸ் மூணு தடவை பார்த்தான். உங்க தங்கச்சி, "அட, சனிக்கு ஒட்டியாணம்!"னு குதிச்சா பாருங்க, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவளை அப்படி நான் பார்த்ததே இல்ல. என் கை படலைங்கிறதால கெடுப்படி குழாய் எனக்குத்தானேன்னு கேட்டேன். "கை பட்டது யாரு, நான்தானே? அப்போ எனக்குத்தான்"கிறா. பார்க்கணும்னா இனிமே நானும் வரிசையில நிக்கணுமாம்.